வடலித்துறை, ஆறாம் மாடி

வெள்ளவத்தையில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்தாரிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் ஒருவர்கூட வெள்ளவத்தை என்று சொல்லமாட்டார். நாற்பது வருடமாக ஒரே ஒழுங்கையில் இருந்து, ஒரே கடையில் இடியப்பம் வாங்கித் தின்று, பிள்ளைகளை அங்கேயே பெற்று, படிப்பித்து, வெளிநாட்டுக்கும் அனுப்பி முடித்தவராக இருந்தாலும், ஊர் என்றால் அவருக்கு அது வேறெங்கோ இருக்கும். செத்த பிறகு வரும் பத்திரிகை அறிவித்தலில்கூடப் பிறப்பிடம் ஒன்றாகவும் வதிவிடம் இன்னொன்றாகவும்தான் இருக்கும். இந்தப் பழக்கத்தால் யாருக்கும் ஒரு நட்டமும் வந்ததில்லை. சூரியன் கந்தோர் வரும்வரை.

சூரியன் கந்தோர் என்பது சனங்கள் வைத்த பெயர். முழுப்பெயர், கிராமங்களுக்குச் சூரியன் சேர்ப்பிக்கும் அதிகாரசபை. கொள்ளுப்பிட்டியில் கடலைப் பார்த்த கட்டடம் ஒன்றின் பதினோராம் மாடியில் இருந்தது. சூரியன் ஏற்கெனவே கிராமங்களுக்குத் தினமும் போய்வருகிறதே என்று அமைச்சரவையில் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்படியொரு அதிகாரசபை பிறந்திருக்காது. யாரும் கேட்கவில்லை.

அந்தக் கந்தோரிலிருந்து தை மாதத்தில் ஒருநாள் தனுஷியா என்றொரு பிள்ளை, கணக்கெடுப்புக்கென்று கையில் ரப்லெற் கணினியுடன் வந்தாள். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஆறு மாடி, பன்னிரண்டு வீடு கொண்ட தொடர்மாடி அது. ஆறாம் மாடியில் கதவைத் திறந்தவர் ஸ்ரீஸ்கந்தராசா. சுங்கத்தில் முப்பத்துநான்கு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான்.

"பேர் சேர்?"

"ஸ்ரீஸ்கந்தராசா."

"ஊர்?"

"வடலித்துறை."

"அங்க கரண்ட் இருக்கா சேர்?"

"எங்கட வளவிலயோ? இல்லைப் பிள்ளை. தொண்ணூறாம் ஆண்டு விட்டிட்டு வந்தது. இப்ப கூரையே இல்லை, கரண்டுக்கு எங்க போறது!"

ஊரைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்ட சந்தோசத்தில் அவர் கிணற்றடி, பனங்கூடல், தீவிலிருந்து வள்ளம் ஏறி வந்த கதை எல்லாம் சொன்னார். தனுஷியா தேத்தண்ணி குடித்து முடியும்வரை கேட்டாள். பிறகு 'மின்சாரம்: இல்லை', 'வீட்டில் இருப்போர்: மூன்று' என்று அடித்துவிட்டு அடுத்த கதவைத் தட்டினாள். அங்கும் அதே கேள்வி, அதே போல வேறொரு ஊர். பன்னிரண்டு வீடுகளில் பன்னிரண்டு ஊர்கள் அகப்பட்டன. எல்லாம் இருண்ட ஊர்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அடியில் மட்டும், 'தமிழ் மொழிபெயர்ப்பு பின்னர் அனுப்பப்படும்' என்று தமிழில் போட்டிருந்தார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவுக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. ஆனால் ஒரு கடதாசி முன்னால் வந்தால் 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வைக்காமல் திருப்பி அனுப்பியவர் அல்ல அவர். சுங்கத்தில் பழகிய கை. கண்டேன் என்று எழுதி, திகதி போட்டு, செயலாளர் முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

வைகாசி பிறந்து நாலாம் நாள் அவருடைய மனைவி சரோஜினிதேவி முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். கனத்த சரீரம். படி என்பதை ஆறு மாதத்துக்கு நினைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்கென்ன, லிஃப்ற் இருக்கிறதுதானே என்று சிரித்துக்கொண்டே லிஃப்ற்றில் ஏறி வந்தார். அந்த லிஃப்ற்றில் வந்த கடைசி ஆள் அவர்தான். மறுநாள் காலை இருவர் ஏணியோடு வந்து, தொடர்மாடிக்கு வரும் மின்கம்பியை வெட்டி, சுருட்டி, ஸ்ரீஸ்கந்தராசாவின் முத்திரை குத்திய கடிதத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அவர் பஸ் பிடித்துக் கொள்ளுப்பிட்டிக்குப் போனார். பதினோராம் மாடிக்கு லிஃப்ற் நன்றாகவே போனது. உள்ளே குளிர். எழுதுவினைஞர்கள் சுவெற்றர் போட்டிருந்தார்கள். பணிப்பாளர் மெல்ரோய் எழுந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள்! நீங்கதானா வடலித்துறை? இருங்க, இருங்க. உங்கள நேரில பார்க்கக் கிடைச்சது பெரிய சந்தோசம். நாங்க இதுவரைக்கும் ஒரு கிராமத்தானையும் நேரில பார்த்ததில்ல."

"தம்பி, நான் வெள்ளவத்தை. எங்கட கரண்டை வெட்டிப்போட்டாங்கள்."

"ஓம் அங்கிள், முறைப்படிதான் செய்திருக்கு. சூரியசக்தி யாருக்கு? மின்சாரம் இல்லாத கிராமத்து வீட்டுக்கு. உங்கட வீட்டில மின்சாரம் இருந்தா எப்பிடி நாங்க தாறது? தொண்ணூறு நாள் இருட்டா இருக்கோணும். அதுக்கு நாங்க ஒளிக்கு முந்திய காலம் எண்டு சொல்றது."

"நான் கிராமத்தில இல்லையே தம்பி."

"உங்கட ஊர் எது?"

"வடலித்துறை."

மெல்ரோய் மேசையைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஸ்ரீஸ்கந்தராசாவைக் கதிரையில் இருத்தி, தன் அதிகாரசபையின் சாதனையை விளக்கினார். அதை அவர் சொன்னபடியே இங்கே தருவதுதான் நியாயம்.

"நாலு வருசமா நாங்க ஒரு கிராமத்துக்கும் போகேல்ல அங்கிள், நான் ஒளிக்கேல்ல. ஏன்? போறதெண்டா ஜீப் வேணும். ஜீப்புக்கு டீசல் வேணும். டீசலை எரிச்சுக்கொண்டு போய்ச் சூரியசக்தி குடுக்கிறது எங்கட கொள்கைக்கே விரோதம். கொள்கைக்காக நாங்க இந்த அறைய விட்டு அசையேல்ல. அப்பதான் கணக்கெடுப்பு வந்தது. இந்த நாட்டிலயே கிராமங்கள் ஆக நெருக்கமா இருக்கிற இடம் வெள்ளவத்தை! ஒரே படிக்கட்டில பன்னிரண்டு கிராமம். வெளிநாட்டு நிபுணர் ஒருத்தர் அழுதிட்டார்."

"மனிசிக்குக் கால் ஒப்பரேசன். லிஃப்ற் இல்லாமல் இறங்கேலாது. ஆவணியில மகளுக்குக் கலியாணம்."

"அதுக்குள்ள தொண்ணூறு நாள் முடிஞ்சிடும்," என்றார் மெல்ரோய்.

அந்த நம்பிக்கையோடு ஸ்ரீஸ்கந்தராசா வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தார். ஆடி கடைசியோடு தொண்ணூறு முடியும். கலியாணம் ஆவணியில் இரண்டாம் கிழமை. காலி வீதிக்கு அந்தப் பக்கம் உள்ள மண்டபம். நடந்தால் ஐந்து நிமிடம். மகள் ஆரணி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். கன்னிகாதானத்தில் அப்பா கையைப் பிடித்துக் கொடுக்கும்போது அம்மாதான் தண்ணீர் வார்க்கவேண்டும், சித்தி வேண்டாம், மாமி வேண்டாம்.

"அம்மா வாக்காட்டி நான் மணவறையில இருந்து எழும்பிடுவன்," என்றாள்.

"உன்ர கொம்மா இந்த ஆறு மாடியையும் உருண்டெண்டாலும் வருவாள்," என்றார் சரோஜினிதேவி. அப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

இருட்டும் ஒரு முறைப்படிதான் நடந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் தனுஷியா படியேறி வந்து 'இருட்டு உறுதிப்படுத்தல் படிவம்' நிரப்பினாள். விசிறி சுற்றுகிறதா, இல்லை. குளிர்சாதனப் பெட்டி என்னவாக இருக்கிறது, உடுப்பு வைக்கும் அலுமாரியாக இருக்கிறது. தண்ணீர் மோட்டரும் நின்றுவிட்டதால், கீழே காவலுக்கு இருந்த கிளெமென்ற் இரண்டு வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறினான். கொட்டாஞ்சேனைக்காரன், துறைமுகத்தில் இருபது வருடம் பாரம் ஏற்றி இறக்கியவன். படிவத்தில் 'தண்ணீருக்காக நடக்கும் தூரம்' என்றொரு கேள்வி இருந்தது. தனுஷியா 'ஆறு மாடி' என்று போட்டாள். அந்த விடையைக் கந்தோரில் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார்கள்.

மற்றப் பதினொரு வீட்டாரும் ஒரு மாதத்துக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு தெகிவளைக்கும் கல்கிசைக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கிராமத்தவர் நகரங்களுக்கு இடம்பெயர்வது ஆபத்தான வேகத்தில் நடக்கிறது என்று மெல்ரோய் ஒரு கருத்தரங்கில் பேசினார். வடலித்துறை மட்டும்தான் மண்ணைவிட்டுப் போகாமல் நிற்கிறது என்று பாராட்டவும் செய்தார். மண்ணை விடாமல் நிற்பதற்குக் காரணம் ஒரு முழங்கால் என்பதை அவர் சொல்லவில்லை.

எழுபத்திரண்டாம் நாள், மாத்திரைப் போத்தலில் உள்ள எழுத்தை வாசிக்க சரோஜினிதேவி போனில் ரோர்ச்சைப் போட்டார். அன்று செவ்வாய்க்கிழமை.

"ஐயோ அன்ரி, ஏன் போட்டனீங்கள்?" என்றாள் தனுஷியா. அழுகிற மாதிரி இருந்தது குரல். "குத்துவிளக்கு, மெழுகுதிரி எண்டா பாரம்பரிய ஒளி எண்டு விடுவினம். ரோர்ச் எண்டா ஒளி வந்திட்டுது எண்டு கணக்கு."

"நீ கண்டனீ எண்டு எழுதாத பிள்ளை."

"நான் எழுதேல்ல அன்ரி. இது தானா எழுதுது. வெளிச்சத்தைப் பார்த்தா விளங்கிடும் இதுக்கு."

ரப்லெற் தன் கடமையைச் செய்தது. தொண்ணூறு நாள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. இப்போது எண்ணினால் ஐப்பசிக்குள் போகிறது.

ஸ்ரீஸ்கந்தராசா மறுபடி கொள்ளுப்பிட்டிக்குப் போனார். இந்தமுறை அவர் கெஞ்சினார் என்றுதான் சொல்லவேண்டும். முப்பத்துநான்கு வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து மற்றவர்களைக் கெஞ்சவைத்தவர்தான். அந்த நினைப்பு அவருக்கு அன்று வந்திருக்கும்.

"என்னை இதில இருந்து எடுத்துவிடுங்கோ தம்பி. எனக்குச் சூரியனும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்."

"சுகமான வேலை அங்கிள். எனக்கு ஊர் வடலித்துறை இல்லை எண்டு ஒரு சத்தியக்கடதாசி தாங்க."

அவர் பேனையை எடுத்தார். எடுத்த கை எழுதவில்லை. தகப்பனையும் தாயையும் எரித்த ஊர். பிறகு மனைவியின் முழங்காலை நினைத்து எழுதிக் கையெழுத்து வைத்தார். மெல்ரோய் வாசித்துப் பார்த்து, "நல்லம். இதை உங்கட ஊர்க் கிராம சேவகர் உறுதிப்படுத்தோணும்," என்றார்.

வடலித்துறையில் அவருடைய மச்சாள் சுபோதினி இருந்தாள். போன் எடுத்து விசயத்தைச் சொன்னார்.

"நல்லாயிருக்கு அத்தான் கதை!" என்றாள் சுபோதினி. "ஏழு தலைமுறை இந்த ஊர். கிராம சேவகர் உங்கட அப்பாட்டைப் படிச்சவர். நீங்கள் இந்த ஊரில்லை எண்டு அவர் எப்பிடி எழுதுவார்? அதை விடுங்கோ. நான் நாலு வருசமா தோட்டத்துப் பம்முக்கும் வீட்டுக்கும் சோலர் கேட்டு எழுதினனான். போன கிழமை பதில் வந்தது. உங்கட கிராமத்துக்குக் குடுத்து முடிஞ்சுதாம். ஆருக்குக் குடுத்தது எண்டு கேட்டால் உங்கட பேரைச் சொல்லுகினம்."

"எனக்கோ?"

"எங்களுக்கு வந்த வெளிச்சத்தை நீங்கள் வெள்ளவத்தையில வைச்சு எரிக்கிறியளாம். ஊர் முழுக்க இதுதான் கதை. கலியாணத்துக்கு ஒருத்தரும் வரமாட்டினம் போல கிடக்கு."

"இஞ்ச நாங்கள் மெழுகுதிரியில இருக்கிறம் மச்சாள்."

"இஞ்ச நாங்கள் மண்ணெண்ணெயில," என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கிளெமென்ற் வழி கண்டுபிடித்தான். நல்ல பலமான சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு வைத்து, துறைமுகத்து முடிச்சுப் போட்டுக் கட்டினான். தானே அதில் ஏறிக் குதித்தும் காட்டினான்.

"மெடத்த விட நாலு மடங்கு பாரம் தூக்கியிருக்கேன் சேர். கொட்டாஞ்சேனையில இருந்து இன்னும் மூணு பேரக் கூட்டியாறேன். ஒரு ஆட்டம் இல்லாம மண்டபத்துல கொண்டுபோய் வைப்பேன்."

சரோஜினிதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று பின்னேரம் அவர் கூறைச்சேலையோடு தானும் உடுக்கப்போகும் பட்டுச்சேலையை எடுத்து மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மறுநாள் ஒரு லொறி வந்து நாற்பத்தெட்டு பற்றரிப் பெட்டிகளை இறக்கியது. கிராமத்துக்கான பற்றரிகள். கீழே வைக்க இடமில்லாதபடியால் மாடிப்படிகளில் ஒரு பக்கமாக அடுக்கி, முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். மிச்ச இடத்தில் ஒரு ஆள் சரிந்து போகலாம். கதிரை போகாது. பெட்டிகளைக் கொஞ்சம் அரக்கலாமா என்று கேட்டுப் போனபோது, களஞ்சியப் பொறுப்பாளர் லீவில் இருக்கிறார், அவர் கையெழுத்து இல்லாமல் அரச சொத்தைத் தொட்டால் பொலிசுக்குப் போகும் என்றார்கள். கிளெமென்ற் ஒவ்வொரு பெட்டியையும் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் வாளியோடு சரிந்து சரிந்து ஏறினான்.

கலியாணத்துக்கு மூன்று நாள் முந்தி மெல்ரோயே நேரில் வந்தார், மூச்சு வாங்கியபடி. முகம் நிறையச் சிரிப்பு.

"அங்கிள், அமைச்சர் வாறார்! மொட்டைமாடியில திறப்பு விழா. சுபநேரம் பார்த்தாச்சு. வெள்ளிக்கிழமை காலமை ஒன்பது நாப்பத்தொண்டு."

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்குத்தான் ஆரணிக்கு முகூர்த்தம். நல்ல நாள் என்றால் எல்லாச் சாத்திரியாருக்கும் ஒரே நல்ல நாள்தானே.

"தொண்ணூறு நாள் முடியேல்லையே தம்பி?"

"அமைச்சர் வாற நாளில தொண்ணூறு நாள் முடிஞ்சதாக் கருதப்படும். சுற்றுநிருபம் இருக்கு. இப்ப விசயம் என்னெண்டா அங்கிள், அமைச்சருக்குக் கால் வாதம், படி ஏறமாட்டார். அதால லிஃப்ற்றுக்கு ஜெனரேற்றர் கொண்டு வாறம்."

லிஃப்ற் என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே கட்டிலில் இருந்த சரோஜினிதேவி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நான் இறங்கலாம்!" என்றார்.

மெல்ரோய் தாடையைத் தடவினார். ஜெனரேற்றர் அமைச்சருக்கு ஒதுக்கப்பட்டது, பயனாளிக்கு அல்ல. ஆனால் விழாவில் விளக்கை வாங்குவதற்கு ஒரு கிராமத்துத் தாய் தேவைப்படுகிறது. அன்ரி மொட்டைமாடிக்கு வந்து ஐந்து நிமிடம் நின்று ஒரு படம் எடுக்க விட்டால், விழா முடிந்ததும் அதே லிஃப்ற்றில் நேராகக் கீழே இறக்கிவிடுவது தன் பொறுப்பு. ஒன்பது நாற்பத்தொன்றுக்குத் திறப்பு, ஒன்பது ஐம்பதுக்கு லிஃப்ற், பத்துக்கு மண்டபம்.

"சத்தியமோ?" என்று சரோஜினிதேவி கேட்டார்.

"என்ர பதவி மேல சத்தியம் அன்ரி," என்றார் மெல்ரோய்.

வெள்ளிக்கிழமை காலை ஆரணியைச் சிங்காரித்து மண்டபத்துக்கு அனுப்பியாகிவிட்டது. படிகளில் சேலையைத் தூக்கிப் பிடித்துச் சரிந்து சரிந்து இறங்கும்போது, "அம்மா, பத்து மணி!" என்று அவள் கத்திய சத்தம் ஆறாம் மாடிவரை கேட்டது. ஒன்பதே காலுக்குக் கீழே ஜெனரேற்றர் உறுமியது. மூன்றரை மாதத்துக்குப் பிறகு லிஃப்ற்றின் விளக்கு எரிந்தது. கிளெமென்றும் கொட்டாஞ்சேனைக் கூட்டாளிகள் மூவரும் அந்தக் கதிரையோடு சரோஜினிதேவியை லிஃப்ற்றில் ஏற்றினார்கள். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, கைக்குள் ஒரு சின்னப் பொட்டலத்தில் அறுகரிசி. ஆசீர்வதிக்க வீட்டிலிருந்தே கொண்டுபோகவேண்டும் என்று மடித்து வைத்தது. லிஃப்ற் மேலே போனது.

மொட்டைமாடியில் பந்தல், வாழைமரம், தென்னோலை வேய்ந்த ஒரு குடிசை, கயிற்றில் கட்டிய ஒரு ஆடு. ஆடு கடலைப் பார்த்துக் கத்தியது. சரோஜினிதேவியைப் பார்த்ததும் மெல்ரோய்க்கு முகம் கறுத்துவிட்டது.

"அன்ரி, கொஞ்சம் வறுமையா வந்திருக்கலாமே?"

"இண்டைக்கு என்ர மகளுக்குக் கலியாணம் தம்பி."

நகை மறைய ஒரு பருத்திச் சேலையை அவருக்கு மேலால் போர்த்தி, மடியில் ஒரு மண்பானையை வைத்தார்கள். அமைச்சர் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வந்து சேர்ந்தார். வரும்வரை சுபநேரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். சிங்களத்தில் பேசினார். மெல்ரோய் தமிழில் சொன்னார்.

"நானும் மின்சாரம் இல்லாத ஒரு கிராமத்தில் பிறந்தவன். அந்த இருட்டு எவ்வளவு கொடியது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பதினெட்டு வயதில் அங்கிருந்து வெளிக்கிட்டு, இன்றுவரை திரும்பிப் போகவில்லை. கிராமத்துக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எதிர்க்கட்சி கேட்கிறது. நான் கேட்கிறேன், கிராமம் எங்களுக்காக என்ன செய்தது? இன்றைக்கு, முதன்முறையாக, ஒரு கிராமம் என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்துக்கு வந்திருக்கிறது. அதன் நல்ல மனதை நான் பாராட்டுகிறேன்."

கைதட்டினார்கள். ஸ்ரீஸ்கந்தராசா மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து ஏழு. அமைச்சர் பொத்தானை அமத்தினார். கொளுத்தும் வெயிலில் ஒரு மின்குமிழ் எரிந்தது, அல்லது எரிந்ததாக எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அதே கணத்தில் கீழே ஜெனரேற்றர் நின்றது. சூரியன் பொறுப்பேற்ற பிறகு டீசல் ஓடக்கூடாது என்பது நிகழ்ச்சிநிரலில் ஐந்தாம் இலக்கம்.

"லிஃப்ற்?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

மெல்ரோய்க்கும் அப்போதுதான் அது உறைத்தது. அங்கே பூட்டியிருந்த சூரியப் பனல் இரண்டு மின்குமிழுக்கும் ஒரு விசிறிக்கும் ஒரு போனுக்கும் அளவானது. கிராமத்துத் தேவைப் பட்டியலில் லிஃப்ற் இல்லை. ஜெனரேற்றரை மறுபடி போடலாம்தான், ஆனால் பத்திரிகைக்காரர் நிற்கிறார்கள். சூரியன் ஐந்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்று நாளைக்கு எழுதிவிடுவார்கள்.

அமைச்சருக்குக் கால் வாதம். பாதுகாப்பு ஆட்கள் படிகளில் இறங்கி, நாற்பத்தெட்டுப் பெட்டிகளையும் மூன்று நிமிடத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் தள்ளி வழியெடுத்தார்கள். களஞ்சியப் பொறுப்பாளர் லீவில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பிறகு அமைச்சரைத் தூக்க ஒன்று வேண்டுமென்று சுற்றிப் பார்த்தார்கள். சவுக்குக் கம்பு கட்டிய நல்ல கதிரை ஒன்று அங்கே இருந்தது. அதில் சரோஜினிதேவி இருந்தார்.

"அம்மா, கொஞ்சம் எழும்புங்க," என்றார் ஒருவர் மிகவும் மரியாதையாக.

"சேர், அது மெடத்துக்குக் கட்டினது!" என்று கிளெமென்ற் பாய்ந்து வந்தான். தூக்கத் தெரிந்தவன் இவன்தான் என்று கண்டுபிடித்து முன்கம்பை அவன் தோளிலேயே ஏற்றினார்கள். அவனுடைய கொட்டாஞ்சேனைக் கூட்டாளிகள் மூவருக்கும் மற்ற முனைகள். சரோஜினிதேவியைத் தாங்கிப் பிடித்து ஒரு வெற்றுப் பெட்டியில் இருத்திவிட்டு, அமைச்சரைக் கதிரையில் வைத்துக் கீழே கொண்டுபோனார்கள். கிளெமென்ற் சொன்னபடியே ஒரு ஆட்டமும் இல்லை. கிராமத்து மக்கள் தன்னைத் தோளில் சுமந்தது கண்டு அமைச்சர் நெகிழ்ந்துபோய், கதிரையை ஞாபகார்த்தமாகத் தன் வாகனத்தில் ஏற்றச் சொன்னார். முத்திரை கலைந்துவிடக்கூடாதென்று பெட்டிகள் மறுபடி படியில் அடுக்கப்பட்டன.

பத்துப் பதினாறு.

"நீங்கள் ஓடுங்கோ," என்றார் சரோஜினிதேவி. "தங்கச்சி வாக்கட்டும் தண்ணியை."

"அவள் எழும்பிடுவன் எண்டவளெல்லோ."

"எழும்பமாட்டாள். அம்மா பார்த்துக்கொண்டு நிக்கிறா எண்டு சொல்லுங்கோ. போங்கோ, நேரம் போகுது!"

ஸ்ரீஸ்கந்தராசா போனார். அறுபத்தெட்டு வயதில் பெட்டிகளுக்கிடையில் சரிந்து சரிந்து, வேட்டி கிழிய, போனார். மெல்ரோயும் ஆட்களும் போய்விட்டார்கள். மொட்டைமாடியில் ஆடும், சரோஜினிதேவியும், திருப்திக் கணக்கெடுப்புக்காக நிறுத்திவைக்கப்பட்ட தனுஷியாவும்தான் மிஞ்சினார்கள்.

தங்கச்சியின் மகள் மண்டபத்திலிருந்து வீடியோவில் எடுத்தாள். சரோஜினிதேவியின் போனில் மணவறை தெரிந்தது. ரொறொன்ரோவில் இருந்து பெரியப்பாவும், லண்டனில் இருந்து பெறாமக்களும் அதே படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எங்க அன்ரி நிக்கிறீங்க, கனடாவோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஓம்," என்றார் அவர்.

ஆரணி நிமிர்ந்து வாசலைப் பார்ப்பது தெரிந்தது. தகப்பன் மூச்சு வாங்க வந்து காதுக்குள் ஏதோ சொன்னார். அவள் எழும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அந்த நேரம் போன் கறுத்துவிட்டது. மெழுகுதிரி வீட்டில் போனுக்கு எவ்வளவு நாள் உயிர் இருக்கும்?

"பிள்ளை, உன்ர அதில பிடிக்கேலாதோ?"

"என்ர போனை விழாவுக்கெண்டு கீழ வாங்கி வைச்சிட்டினம். இதில கேள்விகள் மட்டும்தான் அன்ரி திறக்கும்," என்றாள் தனுஷியா. அவள் அதை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். வேறொன்றும் திறக்கவில்லை. "அந்தச் சோலர்ல போனைச் சார்ஜ் போட்டுப் பாப்பமா?" ஓடிப்போய்ப் பார்த்தாள். சார்ஜ் போடும் பெட்டிக்கு முத்திரை வைத்திருந்தது.

காலி வீதிக்கு அந்தப் பக்கமிருந்து, பஸ் சத்தத்துக்கு மேலால் கெட்டிமேளம் கேட்டது.

சரோஜினிதேவி பொட்டலத்தை அவிழ்த்தார். இருந்தபடியே கையை உயர்த்தி, மண்டபம் இருக்கும் பக்கமாக அறுகரிசியை எறிந்தார். கடல்காற்று அதைத் தூக்கித் திருப்பிக் கொண்டுவந்து பனல் முழுவதும் கொட்டியது. அவர் அழுதார். சத்தம் போட்டே அழுதார்.

கொஞ்ச நேரம் கழித்து ரப்லெற் கிணுகிணுத்தது. பதில் சொல்லாவிட்டால் நிறுத்தாது. தனுஷியா தலை குனிந்தபடி கேட்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. ஊர்?"

"வடலித்துறைக்கு வெளிச்சம் வந்து முடிஞ்சுதாமெல்லோ."

"ஓம். அதைப் போட்டால் எடுக்குதில்லை."

"அப்ப ஊர் இல்லை எண்டு போடு."

தனுஷியா போட்டாள். "வெறுமையா விடேலாதாம் அன்ரி."

சரோஜினிதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். ஓலைக் குடிசை, ஆடு, வெயில்.

"மொட்டைமாடி எண்டு போடு," என்றார்.

அது எடுத்துக்கொண்டது. திரையில் பச்சை அடையாளம் விழுந்தது. புதிய கிராமம் ஒன்று கண்டறியப்பட்டுள்ளது. சனத்தொகை ஒன்று. மின்சாரம் இல்லை. ஒளிக்கு முந்திய காலம் இன்று தொடங்குகிறது, தொண்ணூறு நாள்.

தனுஷியா அதை வாசித்துக் காட்டவில்லை. ரப்லெற்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பனலில் கிடந்த அறுகரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.